முரண் வேறு, சண்டை வேறு

அன்புள்ள ஐயா,

அப்பாவின் வீட்டை விற்க நினைக்கும் அண்ணன், விடாத தங்கை என்று ஒரு சிறுகதை எழுதினேன். மூன்று பக்கம் வாக்குவாதம். படித்தவர்கள் 'கதையில் முரணே இல்லை' என்கிறார்கள். மனிதனும் மனிதனும், மனிதனும் இயற்கையும், மனிதனும் சமூகமும், மனிதனும் மனசாட்சியும் என்று வகை பிரிக்கிறார்களே, என் கதை எதில் சேரும்?

கே.

அன்புள்ள கே.,

எழுதி முடித்த கதையைப் பிரித்துப் பார்க்கத்தான் அந்தப் பட்டியல். எழுதும்போது அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் கை ஓடாது.

ஹெமிங்வேயின் 'கடலும் கிழவனும்' (1952) நாவலை இயற்கையோடு போராடும் கதை என்று வகுப்பில் சொல்லிவிடுவார்கள். 84 நாள் மீன் படாத கிழவன், பிடித்த பெரிய மீனைப் படகோடு கட்டிக்கொண்டு திரும்பும்போது சுறாக்கள் வருகின்றன. முதல் சுறா சுமார் 40 பவுண்டு சதையோடு அவனுடைய ஈட்டியையும் கயிற்றையும் கொண்டுபோகிறது. கத்தியைத் துடுப்பில் கட்டிக் குத்துகிறான். பின்னால் வந்த ஒரு சுறாவில் கத்தி முறிகிறது. தடியால் அடிக்கிறான், இரவில் அதுவும் பறிபோகிறது. சுறாக்கள் கையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே போவதால் அடுத்த மோதல் முந்தியதைப் போல இருக்க முடியாது. நடுவே, இவ்வளவு தூரம் வந்தது தன் தப்பு என்று செத்த மீனிடம் வருந்துகிறான். இது எந்த வகை?

உங்கள் மூன்று பக்கத்தில் யாரும் எதையும் இழக்கவில்லை. முதல் பக்கத்தைக் கிழித்துப் போட்டாலும் மூன்றாம் பக்கம் அப்படியே நிற்கிறது.

அண்ணன் முன்பணம் வாங்கிச் செலவழித்துவிட்டான் என்று வையுங்கள். வியாழக்கிழமை பத்திரப் பதிவு. அப்பா உயில் எழுதவில்லை, தங்கையின் கையெழுத்து இல்லாமல் நடக்காது. அவளுக்கோ மகளின் கல்லூரிக் கட்டணம் கழுத்தை நெரிக்கிறது. இப்போது அவள் அண்ணனோடு மட்டும் மல்லுக்கு நிற்கவில்லை.

அண்ணனைக் குடிகாரனாக்காதீர்கள். மனைவிக்குப் புற்றுநோய் என்று கண்ணீரும் வரவழைக்க வேண்டாம். பழைய கடனை அடைத்தான், போதும். அவன் பக்கமும் நியாயம் இருந்தால்தான் தங்கையால் எளிதில் 'முடியாது' என்று சொல்ல முடியாது.

பேச்சில் 'வீடு' என்ற சொல்லே வர வேண்டாம்.

"ஆட்டுக்கல்ல மட்டும் நான் எடுத்துக்கவாண்ணே?"

"அதையும் சேத்துத்தான் பேசி முடிச்சிருக்கேன்."

மூன்று பக்கத்தை எடுத்துவிட்டு இந்த இரண்டு வரியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.