வாசகர் கேள்வி – பதில்: கடலோர நகரத்தின் குடிநீர்

கேள்வி: பாரதி பூங்காவின் நடுவில் உள்ள ஆயி மண்டபத்துக்கும் புதுச்சேரியின் குடிநீருக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே, உண்மையா? – வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: உண்மைதான். விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் இவ்வழியே வந்தபோது, விளக்கொளியில் மின்னிய ஒரு மாளிகையைக் கோயில் என்று எண்ணிக் கைகூப்பினார் என்றும், அது ஆயி என்ற தாசியின் வீடு என அறிந்ததும் அதை இடிக்க ஆணையிட்டார் என்றும், ஆயி தானே வீட்டை இடித்துவிட்டு அந்த இடத்தில் ஊருக்காகக் குளம் வெட்டினாள் என்றும் செவிவழிக் கதை சொல்கிறது. அந்தக் குளம் இருந்ததாகச் சொல்லப்படும் முத்திரையர்பாளையத்திலிருந்துதான், மூன்றாம் நெப்போலியன் ஆட்சிக் காலத்தில் (1852–1870), நகருக்கு நல்ல தண்ணீர் கொண்டுவரப்பட்டது. அதன் நினைவாக எழுப்பப்பட்டதே மண்டபம். கதையில் எவ்வளவு வரலாறு என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஆளுநர் பெயரையோ தளபதி பெயரையோ சூட்டாமல், குளம் வெட்டிய ஒரு பெண்ணின் பெயரால் அந்தச் சின்னம் இன்றும் வழங்குவது பெருமைக்குரியது என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பழைய கிணற்றில் தண்ணீர் இனிக்கிறது, பக்கத்து வீட்டில் ஆழமாகப் போட்ட போர்வெல்லில் உப்புக் கரிக்கிறது. ஆழம் போனால் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்பது தவறா? – வாசகி, வைத்திக்குப்பம்

பதில்: கடலோரத்தில் பெரும்பாலும் தவறுதான். மணலில் இறங்கும் மழைநீர், கடல்நீரைவிட எடை குறைந்தது என்பதால், நிலத்தடியில் ஊடுருவி நிற்கும் உப்புநீரின் மேல் ஓர் அடுக்காக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. இதையே திருப்பிப் பார்த்தால், மோட்டார் போட்டு இறைத்து அந்த மட்டத்தை 1 மீட்டர் குறைக்கும்போது, காலப்போக்கில் கீழிருக்கும் உப்புநீர் 40 மீட்டர் வரை மேலேறி வர வழி செய்கிறோம். ஆழ்குழாய் அந்த எல்லையை நெருங்கி நின்று உறிஞ்சுகிறது. உறை இறக்கிய உங்கள் கிணறோ மேல் அடுக்கிலிருந்து வாளி வாளியாக எடுப்பதால், ஊறும் நீர் அந்த இழப்பை ஈடுசெய்துவிடுகிறது. கடலூரில் தேவனாம்பட்டினம் போன்ற கரையோரப் பகுதிகளுக்கும் இதே கணக்குப் பொருந்தும்.

ஆகவே, கட்டட இடிபாடுகளைக் கொட்டிக் கிணற்றை மூடிவிடாதீர்கள். பெரிய மோட்டார் வைக்காதீர்கள். மாடியில் விழும் மழைநீரை, முதல் மழையைத் தவிர்த்து, கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய தொட்டி வழியாக வடிகட்டிக் கிணற்றில் விடுங்கள். மேல் அடுக்கு தடிமனாவதற்கு இதைவிட எளிய வழி இல்லை. இனிப்பதாலேயே அந்த நீர் குடிக்கத் தகுந்தது ஆகிவிடாது. அருகில் கழிவுநீர்த் தொட்டி இருந்தால் கிருமிகள் எளிதில் கலந்துவிடும் என்பதால், பரிசோதனைச் சாலையில் கொடுத்துப் பார்க்கும்வரை காய்ச்சியே குடியுங்கள்.