நர்சிங் சீட்டுக்காக நிலத்தை அடகு வைக்காதீர்கள்

அம்மா, மகளின் படிப்பைப் பற்றிய உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. உங்கள் கணவர் டிவி கேமராமேன். 2020 மே மாதம் உரிமம் காலாவதியாகி பிலிப்பைன்ஸின் பெரிய டிவி நிறுவனமான ஏபிஎஸ்-சிபிஎன் ஒளிபரப்பை நிறுத்த, ஆயிரக்கணக்கானவர்களோடு அவர் வேலையும் போனது. இப்போது மகளும் மீடியா என்கிறாள். துபாயில் நர்ஸாக இருக்கும் உங்கள் அக்கா பாதிப் பணம் தருகிறேன், நர்சிங்கில் சேர் என்கிறார். மீதிக்கு புலாகான் மாகாணத்தில் இருக்கும் நிலத்தை அடகு வைக்கப் போகிறீர்களாம்.

வைக்காதீர்கள். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள மனம் ஒட்டவில்லை என்று அவளே சொல்லிவிட்டாள். அதற்குமேல் அந்தப் படிப்புக்குக் கடன் வாங்குவது தவறு.

திரையில் முகம் காட்டும் வேலை நிலையில்லாதது என்று அக்கா சொல்வது சரிதான். 1972-ல் அப்போதைய அதிபர் ஃபெர்டினாண்ட் மார்க்கோஸ் ராணுவச் சட்டம் கொண்டுவந்தபோதும் பத்திரிகைகளும் சேனல்களும் ஒரே இரவில் மூடப்பட்டன. ஆனால் உங்கள் மகள் கேட்பது அந்த வேலையே இல்லையே! பழைய தகாலோக் மொழிப் படங்களைத் தேடித்தேடிப் பார்க்கிறவள் அவள். அவளுக்கு ஏற்றது பழைய படங்களைப் பாதுகாக்கும் ஆவணக் காப்பக வேலை.

பிலிப்பைன்ஸின் முதல் முழுநீளப் படம் என்று சொல்லப்படும் 1919-ன் 'தலகாங் புகிட்' இன்று ஒரு பிரதிகூட இல்லை. போருக்கு முந்தைய படங்களில் மிஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. மணிலா வெயிலிலும் ஈரத்திலும் அசிடேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன பழைய பிலிம் சிதைந்து வினிகர் வாடை அடிக்கும், சுருங்கும், வளையும், பக்கத்து டப்பாவையும் கெடுக்கும். டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்ப்பது, சுருக்கத்தை அளப்பது, கிழிந்த ஓரத் துளைகளை ஒட்டுவது, சுத்தம் செய்து பிரேம் பிரேமாக ஸ்கேன் எடுப்பது, அப்புறம் கம்ப்யூட்டரில் கீறல்களை நீக்குவது, யார் நடித்தார்கள் எந்த வருடம் என்று பதிவுசெய்வது, எல்லாமே பொறுமையான வேலை. 1982-ல் வந்த 'ஹிமாலா' படம் இப்படி மீட்கப்பட்டுத்தான் 2012-ல் வெனிஸ் விழாவில் திரையிடப்பட்டது. பீட்டாகாம் வீடியோ டேப்புகளோடு பழகிய அப்பாவிடமே அவள் நிறையக் கற்கலாம்.

இதற்கு வழி, டிலிமானில் உள்ள பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தின் நூலக, தகவல் அறிவியல் பட்டப்படிப்பு. 2017 சட்டப்படி அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. டிலிமான் இருக்கும் கேசோன் சிட்டியிலேயே நீங்களும் இருப்பதால் விடுதிச் செலவும் இல்லை. காப்பக வேலைகள் குறைவு, துபாய் சம்பளம் வராது, இதை மறைக்கமாட்டேன். ஆனால் நூலகர் உரிமத் தேர்வை எழுதிவிட்டால் பள்ளி, கல்லூரி, அரசு நூலகம் எதிலும் வேலைக்கு முயலலாம். வெறும் மாஸ் கம்யூனிகேஷன் பட்டத்துக்கு அந்தப் பிடிமானம் கிடையாது.

நுழைவுத் தேர்வு விண்ணப்பத்தை அவளே நிரப்பட்டும். அக்காவிடம் பேசத் தயக்கமாக இருந்தால் போனை என்னிடம் கொடுங்கள்.