வெள்ளி உதிர்ந்த இடத்தைப் பாருங்கள்

கேள்வி: ஷார்ஜாவில் ஒரு பழம்பொருள் கடையில், குவிந்த மூடியுள்ள பித்தளை மைக்கூடு ஒன்றைப் பார்த்தேன். உடல் முழுக்க வெள்ளி பதித்து, அரபு எழுத்துகளும் ராசி உருவங்களும் செதுக்கியிருக்கிறார்கள். "குராசான் வேலை, 12ஆம் நூற்றாண்டு, ஒரு துணுக்கு வெள்ளிகூட உதிரவில்லை" என்கிறார் கடைக்காரர். பழைய ரசீது எதுவும் இல்லை. விலை என் ஆறு மாதச் சம்பளம். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அவர் பெருமையாகச் சொன்ன கடைசி வாக்கியம்தான் எனக்கு உறுத்துகிறது.

பழைய பாரசீகத்தின் கிழக்குப் பகுதியான குராசானின் ஹெராத் நகரில் இந்த வேலை நடந்த விதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பித்தளையில் உளியால் பள்ளம் தோண்டுவார்கள். பள்ளத்தின் ஓரங்களை உட்பக்கமாகச் சரித்து வெட்டுவார்கள். அதில் வெள்ளியையோ செம்பையோ வைத்துத் தட்டினால் ஓரமே கவ்விக்கொள்ளும். எண்ணூறு ஆண்டு புழங்கித் துடைத்த பண்டத்தில் அந்தப் பிடி அங்கங்கே தளர்ந்திருக்க வேண்டும். உண்மையான பண்டங்கள் பலவற்றில் வெள்ளி போய், உளி கொத்திய வெறும் பள்ளம் தெரியும். ஒரு லென்ஸை எடுத்துப் போய் அத்தகைய பள்ளம் ஒன்றையாவது தேடுங்கள். முழுதாக இருந்தால் ஒன்று பிற்காலத்தில் வெள்ளி நிரப்பியது, இல்லையேல் பண்டமே பிற்காலத்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கெய்ரோவிலும் டமாஸ்கஸிலும் பழைய பாணியில் ஏராளமாகச் செய்து பயணிகளுக்கு விற்றார்கள். அவையும் நல்ல வேலைதான். விலை மட்டும் வேறு.

எழுத்தை அரபு தெரிந்தவரிடம் காட்டுங்கள். "உரிமையாளருக்குப் புகழும் செல்வமும் உண்டாகட்டும்" என்பது போன்ற பெயரில்லாத வாழ்த்தாக இருந்தால் ஏமாற்றமடைய வேண்டாம்; அக்காலத்திலும் பெரும்பாலானவை யார் வாங்கினாலும் பொருந்தும்படி கடைக்குச் செய்த சரக்குதான். செய்தவர் பெயர், வாங்கியவர் பெயர், ஆண்டு எல்லாம் உள்ளது அபூர்வம். 1163இல் ஹெராத்தில் செய்து, ஒரு வணிகரின் பெயர் பொறித்த வாளி அப்படிப்பட்டது; இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆகவே சுல்தான் பெயரும் தேதியும் பளிச்சென்று இருந்தால் சந்தேகத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

நகைக்கடையில் தங்கத்தின் தரம் பார்க்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவி இங்கும் உதவும். செம்பைத் துத்தநாகத் தாதுவோடும் கரியோடும் சுட்டுப் பித்தளை செய்த காலத்தில் துத்தநாகம் பொதுவாக 30 விழுக்காட்டைத் தாண்டாது. 35க்கு மேல் காட்டினால் கடையைவிட்டு வெளியே வந்துவிடலாம். குறைவாகக் காட்டினால் பழையது என்று முடிவு கட்டாதீர்கள். பழைய பாத்திரத்தை உருக்கிச் செய்யத் தெரியாதவர்களா போலி செய்கிறார்கள்?

அசலாகவே இருந்தாலும் ரசீதில்லாதது பெரிய சிக்கல். ஹெராத் இன்று ஆப்கானிஸ்தானில் இருக்கிறது. 1990களில் காபூல் அருங்காட்சியகமே கொள்ளை போன நாடு அது. திருட்டுப் பண்டம் என்று தெரியவந்தால் பணமும் போகும், மைக்கூடும் போகும். 1970க்கு முன்பே நாட்டைவிட்டு வெளியே வந்ததற்குப் பழைய ஏலப் பட்டியலோ விற்பனைச் சீட்டோ கேளுங்கள். கலைப்பொருள் கடத்தலைத் தடுக்க அந்த ஆண்டு வந்த யுனெஸ்கோ உடன்படிக்கையைத்தான் அருங்காட்சியகங்களும் பெரிய ஏல நிறுவனங்களும் அளவுகோலாகக் கொள்கின்றன. கேட்டதும் கடைக்காரர் பேச்சை மாற்றினால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

கேள்வி: தாத்தா வைத்திருந்த கறுப்புத் தட்டில் வெள்ளிப் பூக்கள் பதித்திருக்கின்றன. இதுவும் பாரசீகமா? புளி போட்டு விளக்கலாமா?

பதில்: கர்நாடகத்தின் பீதரில் செய்த பிதரித் தட்டாக இருக்கலாம். அடி உலோகம் பித்தளை அன்று. துத்தநாகம் மிகுந்து, செம்பு கொஞ்சம் கலந்தது. இந்தக் கலை பாரசீகத்திலிருந்து வந்தது என்றே பீதரில் சொல்கிறார்கள். புளியைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், கறுப்பு வெளுத்துவிடும். மெல்லிய துணியில் துளி தேங்காய் எண்ணெய் போதும்.