குட்டி யானைக்குப் பெரிய இன்ஜின்: போட்ட பணம் திரும்புமா?

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டையிலிருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இரும்புக் குழாய்களும் ஹார்டுவேர் சாமான்களும் ஏற்றிச் செல்கிறேன். சொந்த வண்டி, 2016 மாடல் டாடா ஏஸ், கடன் முடிந்துவிட்டது. மாதம் சுமார் 2,000 கிலோமீட்டர் ஓடுகிறது. செலவெல்லாம் போக 28,000 ரூபாய் நிற்கிறது. லோடுடன் மேம்பாலம் ஏறும்போது வண்டி திணறுகிறது. 1,500 சிசி பழைய டீசல் இன்ஜின் ஒன்றை, கியர்பாக்ஸோடு சேர்த்து 1,40,000 ரூபாய்க்கு மாட்டித் தருவதாக மெக்கானிக் சொல்கிறார். கையில் 60,000 இருக்கிறது. மீதி 80,000 ரூபாய்க்கு மனைவியின் நகையை அடகு வைக்கலாம் என்று எண்ணம். இப்போது 750 கிலோ ஏற்றுகிறேன். நடைக்கு 1 டன் ஏற்றினால் மாதம் 6,000 ரூபாய் கூடுதலாக வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். செய்யலாமா?

பதில்: செய்ய வேண்டாம். காரணத்தை உங்கள் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் வரவுப் பக்கம் மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது.

உங்கள் வண்டி இப்போது லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தருகிறது என்றும், பெரிய இன்ஜின் 14 தரும் என்றும் வைத்துக்கொள்வோம். 2,000 கிலோமீட்டருக்கு இன்று 111 லிட்டர் போதும். மாற்றிய பிறகு 143 லிட்டர் தேவைப்படும். டீசல் லிட்டர் 93 ரூபாய் என்றால், டீசலுக்கு மட்டும் மாதம் ஏறத்தாழ 3,000 ரூபாய் கூடுதலாகப் போகும். நகைக் கடனுக்கு 10 சதவீதம் வட்டி என்று கொண்டாலும் மாதம் 670 ரூபாய் சேர்கிறது. ஆக, நீங்கள் எதிர்பார்க்கும் 6,000 ரூபாயில் கையில் நிற்பது 2,330 ரூபாய் அளவுதான். அந்த வேகத்தில் 1,40,000 ரூபாய் திரும்பி வர ஐந்து ஆண்டுகள் ஆகும். நகைக் கடனோ பெரும்பாலும் ஓராண்டுக்குள் மீட்கவோ புதுப்பிக்கவோ வேண்டிய கடன். ஐந்து ஆண்டில் திரும்பும் செலவுக்கு ஓராண்டுக் கடனை வாங்குவது, ஆண்டுதோறும் வட்டியைக் கட்டி நகையைத் திருப்பி வைத்துக்கொண்டே இருப்பதில்தான் முடியும்.

இதைவிட முக்கியமான ஓட்டை அந்த 6,000 ரூபாயிலேயே இருக்கிறது. எவ்வளவு ஏற்றலாம் என்பதைத் தீர்மானிப்பது இன்ஜின் அல்ல, ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றிதழில், பதிவாகியிருக்கும் மொத்த எடை (வண்டியும் லோடும் சேர்ந்தது). சேசிஸ், பின் ஆக்சில், ஸ்பிரிங் பட்டைகள், பிரேக், டயர் எல்லாம் சேர்ந்து எவ்வளவு தாங்கும் என்பதை வைத்துத் தயாரிப்பாளர் நிர்ணயித்த அளவு அது. இன்ஜினை மாற்றினால் அது மாறாது. சொல்லப்போனால் நிலைமை தலைகீழாகும். மொத்த எடை அப்படியே இருக்க, பெரிய இன்ஜின், கியர்பாக்ஸ், ரேடியேட்டர் ஆகியவற்றால் வெற்று வண்டியின் எடை 80 கிலோ கூடினால், நீங்கள் சட்டப்படி ஏற்றக்கூடிய லோடு 750-லிருந்து 670 கிலோவாகக் குறையும். காசு கொடுத்து லோடைக் குறைத்துக்கொள்ளும் வேலை இது.

1 டன் ஏற்றி எடை மேடையில் மாட்டினால், அதிக பாரத்துக்கான அபராதம் அடிப்படையாக 20,000 ரூபாய். கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் தனி. அதிகப்படி சரக்கை இறக்கும் செலவும் உங்களுடையது. ஒரே ஒரு முறை பிடிபட்டால் எட்டு மாதத்துக்கும் மேலான மிச்சம் போய்விடும்.

சட்டத்தின் நிலையும் தெளிவாகவே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டில் வந்த திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பழுதான இன்ஜினுக்குப் பதிலாக அதே தயாரிப்பில் அதே வகை இன்ஜினைப் பொருத்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன் அனுமதி கேட்டு, புதிய எண்ணை ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்வது வேறு. 702 சிசி இரண்டு சிலிண்டர் வண்டியில் அதைப்போல் இரண்டு மடங்கு இன்ஜினை மாட்டுவது வேறு. எட்டு ஆண்டுகள் கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்றிதழ்) எடுக்க வேண்டும் என்பதால், இந்த மாற்றத்தை ஒரு வருடத்துக்கு மேல் மறைத்து வைக்கவும் வழியில்லை. எஃப்.சி. கிடைக்காமல் வண்டி நின்றால் மாதம் 28,000 ரூபாய் வருமானமும் நிற்கும். இன்சூரன்ஸைப் பற்றி ஒன்று: விபத்து நடந்து, பாலிசியில் உள்ள இன்ஜின் எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால், வண்டியின் சேதத்துக்கான கோரிக்கையை நிறுவனம் மறுக்க இடம் கொடுத்தவராவீர்கள். மூன்றாம் நபருக்கான இழப்பீட்டில் தகராறு வந்தால், அந்தத் தொகையோடு ஒப்பிட 1,40,000 ரூபாய் ஒன்றுமே இல்லை.

மெக்கானிக்கின் கைத்திறனைச் சந்தேகித்து இதைச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் வண்டியில் இன்ஜின் இருப்பது சீட்டுக்கு அடியில். அங்கே இடமும் குறைவு, சூடு வெளியேறும் வழியும் குறைவு. பழைய இன்ஜின் எந்த வண்டியிலிருந்து கழற்றப்பட்டது என்பதும் ஒரு கேள்வி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் எத்தனை வண்டிகள் தண்ணீரில் நின்றன என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடைகளில் துடைத்து வைத்திருக்கும் இன்ஜினின் முகத்தைப் பார்த்து அதன் கதையைச் சொல்ல முடியாது.

வண்டி திணறுவதற்கு முதலில் மருந்து தேடுங்கள். 750 கிலோவுக்காகவே செய்யப்பட்ட வண்டி அந்த லோடுடன் மேம்பாலத்தில் மெதுவாக ஏறலாம், திணறக் கூடாது. கம்ப்ரஷன் சோதனை, நாசில், ஏர் ஃபில்டர், கிளட்ச் பிளேட், பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்பது, டயர் காற்று ஆகியவற்றை வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள். கம்ப்ரஷன் உண்மையிலேயே இறங்கியிருந்தால், பிஸ்டன், ரிங் மாற்றி இன்ஜின் வேலை முழுவதும் செய்தாலும், உங்கள் கையில் உள்ள 60,000 ரூபாய்க்குள் முடித்துக்கொள்ள முயலலாம். இரண்டு இடங்களில் எழுத்து மூலம் விலை வாங்குங்கள். நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

1 டன் லோடு உண்மையாகவே காத்திருக்கிறது என்றால், அதற்கு வழி பெரிய இன்ஜின் அல்ல, பெரிய வண்டி. ஏறத்தாழ ஒன்றேகால் டன் ஏற்றும் அசோக் லேலண்ட் தோஸ்த் போன்ற வண்டி பழையதாக 4,00,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது, உங்களுடையது 1,70,000 ரூபாய்க்குப் போகிறது, கையிருப்பில் 40,000 ரூபாய் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், 1,90,000 ரூபாய் கடன் தேவைப்படும். 15 சதவீத வட்டியில் மூன்று ஆண்டுகளுக்கு மாதத் தவணை 6,600 ரூபாய் வரும். கூடுதல் டீசலையும் சேர்த்தால், மாதம் 9,600 ரூபாய் அதிகமாக வந்தால்தான் நீங்கள் இன்று இருக்கும் இடத்திலேயே நிற்பீர்கள். நீங்கள் சொல்லும் 6,000 அதற்கும் போதாது. எனவே உங்கள் வாடிக்கையாளர்களிடம் பேசி, மாதத்துக்கு இத்தனை நடை, நடைக்கு இவ்வளவு வாடகை என்று உறுதி வாங்குங்கள். கூடுதல் வரவு 12,000 ரூபாயைத் தாண்டும் என்றால் மட்டும் வண்டி பார்க்கத் தொடங்கலாம். அப்போது பிணையில்லாத முத்ரா கடனில் 50,000 முதல் 5,00,000 ரூபாய் வரையிலான கிஷோர் பிரிவில் உங்கள் வங்கியில் முதலில் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் புதிய சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருப்பதால், பழைய வண்டி விற்பவர் அதற்கு முந்தைய விலையைச் சொன்னால் தயங்காமல் பேரம் பேசுங்கள்.

மெக்கானிக்குக்கு முன்பணம் எதுவும் கொடுத்திருந்தால், அதைத் திரும்பக் கேட்க வேண்டாம். இருக்கும் இன்ஜினைச் சரிசெய்யும் கூலியில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.