தச்சநல்லூர்ச் சுவரில் முதல் முகம் யாருக்கு?

தச்சநல்லூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டுப் பையன்களுக்குக் குத்துச்சண்டை சொல்லித் தருகிறாராம். சுவரில் நாலு ஹெவிவெயிட் (எடை கூடின பிரிவு) சாம்பியன்களை வரைய ஞாயிற்றுக்கிழமை பெயிண்டர் வருகிறார். "மாமாதான் பணம் போடுதாரு. 49 சண்டை, ஒண்ணுகூடத் தோக்கல, அதனால மார்சியானோதான் முதல்ல வரணும்ங்காரு. பயலுவ டைசன்ங்கானுவ. நான் அலின்னு சொன்னா ரெண்டு பக்கமும் ஏசுதாங்க. எந்த வரிசையில போட, அண்ணாச்சி?"

சரி தம்பி, முதலில் மாமாவின் 49. கணக்கு சரிதான், அதில் 43 நாக்-அவுட் வேறு. ஆனால் குறுக்குத்துறை ஆற்றில் ஒருவன் அக்கரை வரை நீந்தினான் என்றால் நம்ம ஊர்க்காரன் அடுத்து என்ன கேட்பான்? "எப்பம்? ஐப்பசி வெள்ளத்துலயா, சித்திரையிலயா?" மார்சியானோ 1951இல் ஜோ லூயிஸை அடித்து விழ வைத்தபோது லூயிஸுக்கு 37 வயது, வரிபாக்கி கழுத்தை நெரித்ததால் ரிங்குக்குத் திரும்பி வந்த மனிதர். 1952இல் அவரிடம் பட்டத்தைப் பறிகொடுத்த வால்காட்டுக்கு 38. கடைசிச் சண்டையில் எதிரே நின்ற ஆர்ச்சி மூருக்கும் நாற்பதை ஒட்டிய வயது. ஆற்றில் தண்ணீர் கொஞ்சம் வற்றித்தான் இருந்தது. அதற்காக மார்சியானோவை லேசாக நினைக்காதீர்கள். வால்காட்டிடம் முதல் ரவுண்டிலேயே கீழே விழுந்து, புள்ளியிலும் பின்தங்கி, 13ஆவது ரவுண்டில் ஒரே வலது கைக் குத்தில் கதையை முடித்தவர். எடை 84 கிலோதான் இருப்பார், இன்றைக்கு ஹெவிவெயிட்டுக்குக் கீழே 90.7 கிலோ வரைக்கும் குரூசர்வெயிட் என்று தனிப் பிரிவே வைத்திருக்கிறார்கள்.

எடை என்றதும் "இப்ப உள்ள மலைமாடு மாதிரி ஆளுக முன்னால பழைய ஆளுக நிப்பாங்களா" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அதில் இறங்காதீர்கள், விடியும் வரை போகும். 2024இல் ரியாத்தில் உக்ரைன் வீரர் உசிக் தன்னைவிட 17 கிலோ கூடுதலான டைசன் ஃபியூரியைப் புள்ளியில் ஜெயித்தார் (உங்கள் பயல்கள் சொல்லும் மைக் டைசன் வேறு). அந்தக் காலத்தில் பட்டச் சண்டை 15 ரவுண்டு. 1982இல் கொரிய வீரர் கிம் டுக்-கூ ரிங்கில் அடிபட்டு இறந்த பிறகுதான் 12 ஆகக் குறைத்தார்கள். எடை, ரவுண்டு எல்லாமே மாறிப்போனவை. மாறாத ஒன்றை வைத்துத்தான் அளக்க வேண்டும். நான் பார்ப்பது இதுதான்: தன்னைத் தோற்கடித்தவனை அடுத்த தடவை அந்த ஆள் என்ன செய்தார்?

டைசன் இதில்தான் அடிபடுகிறார். 20 வயதில் சாம்பியன், அவ்வளவு சின்ன வயதில் ஹெவிவெயிட் பட்டம் வேறு யாரும் வாங்கவில்லை. 1990இல் டோக்கியோவில் டக்ளஸிடம் விழுந்தார், அப்புறம் ஹோலிஃபீல்டிடம் இரண்டு தடவை, இரண்டாவதில் காதைக் கடித்துத் தகுதி இழந்தது ஊருக்கே தெரியும், 2002இல் லெனக்ஸ் லூயிஸிடம். தன்னை அடித்த ஒருத்தரைக்கூட அவர் திருப்பி அடித்ததில்லை. லெனக்ஸ் லூயிஸ் வாழ்நாளில் தோற்றது மெக்கால், ரஹ்மான் என்ற இரண்டே பேரிடம். இருவரையும் மறுபடி கூப்பிட்டு முடித்துவிட்டுத்தான் ஓய்ந்தார்.

அலியைப் பாருங்கள். வியட்நாம் போருக்குப் போக மாட்டேன் என்றதற்காக 1967இல் பட்டத்தைப் பிடுங்கி, மூன்றரை வருடம் ரிங் பக்கமே விடவில்லை. 25லிருந்து 28 வயது, ஒரு குத்துச்சண்டைக்காரனுக்கு அதைவிட நல்ல வயசு ஏது? திரும்பி வந்து ஃப்ரேசியரிடம் தோற்றார், நார்ட்டனிடம் தாடை உடைந்து தோற்றார், 1978இல் ஸ்பிங்க்ஸிடமும் தோற்றார். மூன்று பேரையும் திருப்பி ஜெயித்தார். 1975 மணிலாவில் 14 ரவுண்டு முடிந்து ஃப்ரேசியர் மூலையில் உட்கார்ந்தபோது முகம் வீங்கிக் கண் தெரியவில்லை, பயிற்சியாளர் எடி ஃபட்ச் போதும் என்று நிறுத்திவிட்டார். இந்தப் பக்கம் அலியும் எழுந்து நிற்கத் தெம்பில்லாமல்தான் இருந்தார். லிஸ்டன், ஃப்ரேசியர், நார்ட்டன், ஃபோர்மேன் என்று அவர் காலத்தில் ஆறு கரை புரண்டு ஓடியது. கடைசி இரண்டு தோல்விகள் உடம்பு விட்டுப்போன பிறகு வந்தவை, அவற்றை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஜோ லூயிஸ் கதைதான் உங்கள் பையன்களுக்கு ரொம்பத் தேவை. ஜாக் ஜான்சன் 1915இல் பட்டத்தை இழந்த பிறகு 22 வருடம் ஒரு கறுப்பருக்குக்கூட ஹெவிவெயிட் பட்டச் சண்டை கிடைக்கவில்லை. அந்த நடுக்காலத்துச் சாம்பியன்களின் கணக்கைப் பாதியாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். 1937இல் அதை உடைத்தவர் லூயிஸ், 25 தடவை பட்டத்தைக் காத்தார். அதற்கு முந்தைய வருடம் ஷ்மெலிங் என்ற ஜெர்மானியர் அவருடைய சண்டைப் படங்களைப் போட்டுப் பார்த்து ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார்: இடது கையை நேரே நீட்டி ஜேப் என்ற குத்தைப் போட்டதும் அந்தக் கை கொஞ்சம் தாழ்ந்துபோகும். அந்தச் சந்து வழியே வலது கையை இறக்கி இறக்கி 12ஆவது ரவுண்டில் படுக்க வைத்தார். 1938இல் மறுபடி சந்தித்தபோது சண்டை 124 விநாடிதான் நடந்தது, விழுந்தது ஷ்மெலிங்.

ஆக முதலில் அலி, அடுத்து ஜோ லூயிஸ், மூன்றாவது லெனக்ஸ் லூயிஸ், நாலாவது மார்சியானோ. தோற்ற பிறகு என்ன செய்வார் என்ற கேள்வியே அவருக்கு வரவில்லை, அது அவர் குற்றமில்லை. மாமாவிடம் அப்படியே சொல்லுங்கள். டைசனுக்கு இடமில்லை, பயல்கள் முறைத்தால் முறைக்கட்டும். ஃபோர்மேனை விடுவதுதான் எனக்கு மனசு கேட்கவில்லை. 1974இல் அலியிடம் தோற்றபோது போட்டிருந்த அதே சிவப்பு டிராயரைப் போட்டுக்கொண்டு, 20 வருடம் கழித்து 45 வயதில் மூரரைப் பத்தாவது ரவுண்டில் சாய்த்துப் பட்டத்தை எடுத்தவர். கதவுக்கு மேலே ஒரு முழம் இடம் இருந்தால் அவரையும் போட்டுவிடுங்கள்.

பெயிண்டரிடம் ஒன்று சொல்ல மறக்காதீர்கள்: ஜோ லூயிஸை முகத்தோடு நிறுத்தாமல் இடுப்பு வரை வரையச் சொல்லுங்கள், இடது கிளவுஸ் கன்னத்து உயரத்துக்கு ஒரு விரற்கடைகூடக் கீழே வரக் கூடாது.