சப்பாத்து பிய்ந்தது, முதலாளி போர்டைக் காட்டுகிறார்: இனி என்ன செய்வது?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். ஹட்டன் டவுனில் தங்கச்சிக்குப் பாடசாலைச் சப்பாத்து வாங்கினாராம், இரண்டே கிழமையில் அடி பிய்ந்துவிட்டது. கொண்டுபோய்க் காட்டினால் முதலாளி "விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்ற போர்டைக் காட்டி அனுப்பிவிட்டார். பில்லும் இல்லை. அதே நாள் சலூனுக்கு முடி வெட்டப் போன இடத்தில் முகத்துக்கு எதையோ பூசி, கேட்காத வேலைக்கும் சேர்த்துக் காசு வாங்கியிருக்கிறார்கள். "இதுக்கெல்லாம் எங்க போய்ச் சொல்றது அண்ணே, அலைஞ்சா ஒருநாள் பேரும் போயிடுமே" என்று கேட்கிறார். (பேர் என்றால் தோட்டத்தில் ஒருநாள் வேலைக்கான சம்பளக் கணக்கு.)

சப்பாத்தை முதலில் பார்ப்போம் தம்பி, அதில்தான் உங்கள் பக்கம் பலம் இருக்கிறது.

நிறம் பிடிக்கவில்லை, அளவு பார்க்காமல் வாங்கிவிட்டேன் என்று போனால் முதலாளி முடியாது என்று சொல்லலாம், மாற்றிக் கொடுத்தால் அது அவருடைய நல்ல மனசு. பொருளே பழுது என்றால் கதை வேறு, சுவரில் ஒரு போர்டை மாட்டிவிட்டதால் மட்டும் பேச்சு முடிந்துவிடாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. கடைக்காரர் வாயால் சொன்ன உத்தரவாதம் மட்டுமில்லை, சொல்லாமலே அடங்கியிருக்கும் உத்தரவாதத்துக்கும் பொருள் ஒத்துவராவிட்டால் அதிகாரசபை முறைப்பாட்டை எடுத்து விசாரிக்கலாம், வேறு பொருள் கொடு, காசைத் திருப்பிக் கொடு, நட்டஈடு கட்டு என்று உத்தரவும் போடலாம். அதற்கும் முந்தியது 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். இன்ன தேவைக்கு என்று சொல்லி, அந்தச் சாமானை விற்பதையே தொழிலாக வைத்திருப்பவரை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்கு உதவ வேண்டும் என்கிறது அது.

இதை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், முதலாளி அடுத்துக் கேட்கப்போவது "மழையில போட்டீங்களா?" என்றுதான். ஆமாம், மழையில்தான் போட்டோம் என்று தயங்காமல் சொல்லுங்கள். ஹட்டனில் பாடசாலைச் சப்பாத்து என்று சொல்லி விற்றது மழையில் நடக்காமல் வேறெங்கே நடக்கும்? மே மாதம் தென்மேல் பருவக்காற்று இறங்கினால் செப்டெம்பர் வரைக்கும் பிள்ளைகள் ஈரத்தில்தான் பாடசாலைக்குப் போய் வருகிறார்கள், இது தெரியாத முதலாளி இந்த டவுனில் கிடையாது.

பிய்ந்த இடத்தையும் நன்றாகப் பாருங்கள். அடிப்பகுதி முழுசாக இருந்து, பசை மட்டும் விட்டுப் பாளமாகக் கழன்றிருந்தால் ஒட்டு வேலை சரியில்லை. அடியே பழைய கேக் மாதிரி பொலபொலவென்று உதிர்ந்தால், பெரும்பாலும் அது நெடுநாள் விற்காமல் கிடந்த சரக்கு. பொலியூரித்தேன் என்று சொல்கிற அந்த மென்மையான அடி, காலில் போடாமல் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தாலும் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கி உள்ளுக்குள் சிதையும், வருஷக்கணக்கில் கிடந்தால் புதுச் சப்பாத்து என்ற பெயரோடே உதிரும். நம் ஊர் ஈரத்துக்குக் கடைப் பின்னறையில் அடுக்கி வைத்தால் சொல்லவே வேண்டாம். இரண்டு விதத்திலும் பிழை பிள்ளையின் நடையில் இல்லை. அந்த இடத்தைக் கிட்ட வைத்துப் போட்டோ எடுத்து வையுங்கள், வீட்டில் பசை போட்டு ஒட்டிவிட்டுக் கொண்டுபோகாதீர்கள், ஒட்டினால் சாட்சி அழிந்துபோகும்.

பில் விஷயம். கேட்டால் பில் கொடுக்க வேண்டியது கடைக்காரரின் கடமை, அந்த 2003ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது, திகதி, அளவு, விலை எல்லாம் அதில் வரவேண்டும். நாம்தான் கேட்பதில்லை. தீபாவளி முற்பணம் கையில் வந்த கிழமையில் கடைக்குள் நிற்கவே இடமில்லாதபோது யார் பில் கேட்டுக்கொண்டு நிற்பது என்று தோன்றும், ஆனால் அந்தக் கூட்டத்தில் வாங்கிய சாமான்தான் பிறகு அதிகம் பிரச்சினை தருகிறது. இப்போது பில் இல்லையென்றால் சப்பாத்துப் பெட்டி, விலை ஒட்டிய துண்டு, கடைப் பெயர் போட்ட பை, கூட வந்தவர் என்று எது இருக்கிறதோ அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பாடசாலையில் கொடுக்கிற சப்பாத்து வவுச்சரில் வாங்கியிருந்தாலும் இதேதான். "வவுச்சர் சாமான்தானே" என்று இளக்காரமாகச் சொன்னால், அதற்கும் உங்களுக்குக் காசு வருகிறதுதானே முதலாளி என்று கேளுங்கள்.

மறுபடி போகும்போது சனிக்கிழமைப் பின்னேரம் வேண்டாம். வார நாளில் காலையில், கூட்டம் சேருவதற்கு முன்னால் போய், கவுன்டரில் நிற்கும் பையனிடம் சண்டை பிடிக்காமல் முதலாளியையே கேளுங்கள். அந்தப் பையன் சம்பளத்துக்கு நிற்கிறவன், அவனால் முடிவெடுக்க முடியாது. "என்ன செய்யப்போறீங்க?" என்று கேட்டால் ஒன்றும் நடக்காது. "இதே அளவில் வேறு ஒரு சோடி தாருங்கள், இல்லாவிட்டால் காசைத் தாருங்கள்" என்று இரண்டில் ஒன்றைக் கேளுங்கள். அடுத்த கிழமையும் அதே கடை வாசலைக் கடந்துதான் பஸ் ஏறப்போகிறோம், அதனால் குரலை உயர்த்தி ஊரைக் கூட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

அதற்கும் மசியவில்லையா, பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து விசாரியுங்கள், அப்புறம் அவர்களுக்கே எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். வாங்கிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், இதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கடையின் பெயர், விலாசம், வாங்கிய திகதி, விலை, என்ன பழுது, முதலாளி என்ன சொன்னார், உங்களுக்கு என்ன வேண்டும், இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும். தமிழிலேயே எழுதலாம், தமிழும் அரச கருமமொழிதான். பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டால் அந்த ஒருநாள் பேரும் மிஞ்சும்.

சலூன் கதைக்கு வருவோம். சேவைக்கும் அந்த 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமுண்டு, தகுந்த கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்ய வேண்டும் என்று இருக்கிறது. பூசியதில் முகம் வெந்துபோயிருந்தால் முறைப்பாடு கொடுங்கள் என்றுதான் சொல்வேன். வெறும் கூடுதல் காசுக்கு என்றால், உண்மையைச் சொல்கிறேன், "போட்டு விடவா?" என்று கேட்டபோது நீங்கள் தலையாட்டியிருப்பீர்கள், அதை வைத்து வாதாடுவது கஷ்டம். அடுத்த முறை கதிரையில் உட்காருமுன் வெட்டுக்கு எவ்வளவு, சவரத்துக்கு எவ்வளவு என்று கேட்டுவிட்டு, "வேறு ஒன்றும் வேண்டாம்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். "கொஞ்சமா குறைங்க" என்பதும் வேண்டாம், அவருடைய கொஞ்சம் வேறு, உங்களுடைய கொஞ்சம் வேறு. மெஷினுக்கு நம்பர் சொல்லுங்கள்: 1 என்றால் ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் முடி நிற்கும், 2 என்றால் 6.

சவரத்துக்குப் புது பிளேட்டை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள், வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை, பழைய பிளேட்டால் ஈரல் அழற்சிக் கிருமி பரவலாம். அந்த இடம் சுத்தமில்லை என்றால் அதற்கு 1977 வேண்டாம், உங்கள் பகுதி எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில் பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவிடம் சொல்லுங்கள்.