1938-இன் இரண்டு ஹேண்ட்பால் உலகப் போட்டிகள்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: ஆண்கள் ஹேண்ட்பாலின் முதல் உலகப் போட்டி 1938 பிப்ரவரியில் நடந்ததாக ஒரு பொது அறிவு நூலும், அதே ஆண்டு ஜூலையில் நடந்ததாக மற்றொரு நூலும் கூறுகின்றன. இரண்டிலும் ஜெர்மனியே வென்றதாக உள்ளது. மாணவர்களுக்கு எதைச் சொல்லித் தருவது?
– உடற்கல்வி ஆசிரியர், குடியாத்தம்

பதில்: இரண்டு நூல்களிலும் தவறில்லை, ஆளுக்குப் பாதியைச் சொல்லியிருக்கின்றன. பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் இந்த ஆட்டத்தில், அந்த ஓர் ஆண்டிலேயே ஜெர்மனி இரண்டு உலகப் போட்டிகளை நடத்தியது. பிப்ரவரி 5, 6 ஆகிய இரு நாட்களில் பெர்லினின் டாய்ச்லாண்ட்ஹாலே என்ற உள்ளரங்கில் நடந்தது, அணிக்கு எழுவர் ஆடும் அரங்க ஹேண்ட்பால். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவீடன், டென்மார்க் என நான்கே அணிகள் வந்திருந்தன. ஒவ்வோர் அணியும் மற்ற மூன்றுடனும் மோதியதில், மேலே சொன்ன வரிசையிலேயே முதல் நான்கு இடங்கள் அமைந்தன. ஓர் ஆட்டத்துக்கு இருபது நிமிடங்கள்தான். இன்று அறுபது நிமிடங்கள்.

ஜூலையில் நடந்ததோ கால்பந்து மைதானத்தில், கால்பந்துக்குரிய கம்பங்களை வைத்து, அணிக்குப் பதினொருவர் ஆடிய வெளிமைதான ஹேண்ட்பால். பத்து அணிகள் கலந்துகொண்ட அப்போட்டியின் இறுதியாட்டத்தில் ஜெர்மனி சுவிட்சர்லாந்தை 23–0 என்று வென்றது.

ஆண்டையும் வென்றவரையும் மட்டும் மனப்பாடம் செய்ய வைத்தால், இவ்விரு போட்டிகளுக்கும் இடையில் நிகழ்ந்தது மாணவர்களுக்குத் தெரியாமலே போய்விடும். பிப்ரவரியில் இரண்டாமிடம் பெற்ற ஆஸ்திரியா, 1936 பெர்லின் ஒலிம்பிக்கின் வெளிமைதான ஹேண்ட்பால் இறுதிச் சுற்றில் ஜெர்மனியிடம் 6–10 என்று தோற்று வெள்ளி வென்ற அணி. ஜெர்மனிக்கு ஈடுகொடுக்கக்கூடிய அணி அதுவே. உள்ளரங்கப் போட்டி முடிந்து ஐந்து வாரங்கள் நிறைவதற்குள், மார்ச் 12 அன்று, ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. மறுநாளே அந்நாடு ஜெர்மனியோடு இணைக்கப்பட்டது. ஜூலைப் போட்டியின் பட்டியலில் ஆஸ்திரியா என்ற பெயரே இல்லை. அந்த 23–0 என்ற எண்ணைப் பலர் வியப்போடு எழுதுகிறார்கள். அதனருகில் இந்தச் செய்தியையும் எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உலக வரைபடத்தைச் சுவரில் மாட்டி, ஆஸ்திரியாவைக் கைவைத்துக் காட்டிச் சொல்லிக்கொடுங்கள், ஐயா.

போரினால் அடுத்த உள்ளரங்க உலகப் போட்டி பதினாறு ஆண்டுகள் தள்ளிப்போய், 1954-இல் சுவீடனில் நடந்தது. இறுதியாட்டத்தில் மேற்கு ஜெர்மனியை 17–14 என்று வென்று சுவீடனே கோப்பையைப் பெற்றது.

கேள்வி: "கைப்பந்து" என்ற நல்ல தமிழ்ச்சொல் இருக்கும்போது "ஹேண்ட்பால்" எதற்கு?
– வாசகி, ஆம்பூர்

பதில்: நம் செய்தித்தாள்கள் கைப்பந்து என்பது வாலிபாலை, எறிபந்து என்றால் பள்ளிப் பிள்ளைகள் த்ரோபாலை நினைப்பார்கள். வேறோர் ஆட்டத்துக்கு வழங்கிவிட்ட பெயரை இதற்கும் சூட்டினால், முந்தைய கேள்வியில் வந்ததைப் போன்ற குழப்பம் இன்னொன்று சேரும் என்பதால்தான், மனமின்றியே இப்படி எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் பள்ளியில் உள்ளரங்கம் இல்லை, மண் மைதானத்தில்தான் ஹேண்ட்பால் ஆடுகிறோம். அப்படியானால் நாங்கள் ஆடுவது பழைய வெளிமைதான ஆட்டமா?
– பதினோராம் வகுப்பு மாணவர், காட்பாடி

பதில்: இல்லை, தம்பி. கூரை இருக்கிறதா என்பதை வைத்து இரண்டையும் பிரிப்பதில்லை. ஆட்களின் எண்ணிக்கையும் களத்தின் அளவும்தான் பிரிக்கின்றன. பனி உறையும் குளிர்காலத்தில் வெளியே ஆட முடியாத வடஐரோப்பிய நாடுகள் ஆட்டத்தைக் கூரைக்குள் கொண்டுசென்றன. சிறிய களத்தில் பந்து வேகமாகக் கைமாறுவது பார்ப்பவர்களுக்கும் பிடித்துப்போயிற்று. வெளிமைதான உலகப் போட்டி 1966-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் இடம்பெற்றதும் எழுவர் ஆட்டமே.

உங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றில், வேலூர் வெயில் தாழ்ந்த ஒரு மாலையில், ஆசிரியர் ஒருவர் கோடு போடுவதை நின்று பார்த்தேன். கோல் கம்பத்தின் அடியில் கயிற்றைக் கட்டி, ஆறு மீட்டர் அளந்து முடிச்சிட்டு, முடிச்சைப் பிடித்தபடி கால்வட்டமாக நடந்தார். பின்னாலேயே ஒரு மாணவி சுண்ணாம்புத் தூளைத் தூவிக்கொண்டே வந்தாள். அடுத்த கம்பத்திலிருந்தும் அப்படியே ஒரு கால்வட்டம். இரண்டையும் இணைக்க நடுவில் மூன்று மீட்டர் நேர்கோடு. அந்தக் கோட்டுக்குள் கோல்கீப்பரைத் தவிர எவரும் காலூன்றக் கூடாது. கோட்டுக்கு வெளியிலிருந்து எகிறி, கால் தரையைத் தொடுமுன் பந்தை எறிந்துவிட வேண்டும். உங்கள் மண் மைதானத்திலும் இந்தக் கோடு இருந்து, அணிக்கு எழுவர் ஆடினால், நீங்கள் ஆடுவது 1938 பிப்ரவரியில் அந்த நான்கு அணிகள் ஆடிய ஆட்டத்தின் வழிவந்ததே.